உப்பு ஏறிய சம்பா வயலில் யூரியா ஏன் எடுபடவில்லை: ஒரு நிகழ்வு ஆய்வு

நாகப்பட்டினம் மாவட்டக் கடலோரத்தில், காவிரிப் பாசனத்தின் கடைமடையில் இருக்கும் ஒரு நெல் வயலில் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். விவசாயியின் பெயரையும் ஊரையும் சொல்லவில்லை. மஞ்சளாகத் தெரியும் பயிருக்கு யூரியாவைக் கொட்டுவதும், பயிர் தேறாததும், மேலும் கொட்டுவதும் அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு சம்பாவிலும் நடக்கிறது. அதில் வீணாகும் பணம் சிறு விவசாயியின் பணம். அதனால்தான் இதை முழுதாக எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

பின்னணி

வயல் 2 ஏக்கர், ஊர்க் கணக்கில் 6 மா. கனத்த களிமண். மூன்று பக்கம் மற்றவர்களின் வயல், நான்காவது பக்கம் கடலுக்குப் போகும் வடிகால் ஆறு. மேட்டூர்த் தண்ணீர் எல்லா ஊரையும் தாண்டிக் கடைசியாக வந்து சேரும் இடம் அது. வராமலே போகும் ஆண்டுகளும் உண்டு. வடிகாலின் முகப்பில் உள்ள கதவணையின் பலகை சரியாக மூடுவதில்லை. ஆற்றில் நல்ல தண்ணீர் ஓட்டம் குறைந்தால், ஓதத்தோடு (கடல் ஏற்றத்தோடு) கடல் நீர் உள்ளே ஏறிவிடும்.

விவசாயி ஐம்பது வயதைக் கடந்தவர், அப்பா காலத்திலிருந்து அதே நிலத்தைப் பயிர் செய்பவர். கடைகளில் ஆந்திரா பொன்னி என்று சொல்லும் பி.பி.டி. 5204 ரகத்தை செப்டம்பர் தொடக்கத்தில் புழுதியில் நேரடியாக விதைத்தார். சன்ன ரகம், விலை கிடைக்கும். ஆனால் உப்பைத் தாங்கும் ரகம் அல்ல. முளைப்பு ஒரே சீராக வந்தது. செப்டம்பர் கடைசியில் வாய்க்காலில் தண்ணீர் நின்றுபோனது, மழையும் இல்லை. மண் வெடிக்க ஆரம்பித்ததும் என்ஜின் வைத்து வடிகாலிலிருந்து இரண்டு தடவை இறைத்தார். பக்கத்து வயல்காரர்களும் அதையேதான் செய்தார்கள். பயிர் கண்ணெதிரே காயும்போது கையில் இருக்கும் தண்ணீரை விட யாருக்கும் மனம் வராது.

ஒரு வாரத்தில் பயிர் வெளுத்தது. உரக்கடையில் சொன்னபோது தழைச்சத்து (நைட்ரஜன்) போதவில்லை என்று யூரியா கொடுத்தார்கள். ஏக்கருக்கு ஒரு மூட்டை போட்டார். 45 கிலோ மூட்டையில் தழைச்சத்து 20 கிலோவுக்குச் சற்று மேல். பச்சை திரும்பவில்லை. சில நாளில் இன்னொரு அரை மூட்டை போட்டார். இலை நுனி கருகுவது கூடியது, இலைச்சுருட்டுப் புழுவும் சேர்ந்துகொண்டது. அந்தக் கட்டத்தில், அக்டோபர் மூன்றாவது வாரத்தில், என்னைக் கூப்பிட்டார்.

வயலில் கண்டது

வரப்பிலிருந்து பார்த்தால் வயல் மஞ்சள்தான். இறங்கி நடந்தால் வேறு கதை. மஞ்சள் ஒரே சீராக இல்லை, திட்டுத் திட்டாக இருந்தது. மண் சற்று மேடாக இருந்த இடங்களில் பயிர் பாதி காய்ந்திருந்தது. அந்த மேடுகளில் ஈரம் வற்றிய மேற்பரப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. நாலு அடி தள்ளி, தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் பயிர் குட்டையாக இருந்தாலும் உயிரோடு இருந்தது. தழைச்சத்துக் குறை இப்படி மேடு பள்ளம் பார்த்து வராது.

இலையைப் பார்த்தோம். தழைச்சத்து குறைந்தால் அடி இலை நுனியிலிருந்து நடு நரம்பு வழியாகச் சீராக வெளிறி, அப்புறம் மேல் இலைக்கும் பரவும். இங்கே அடி இலைகளின் நுனியும் ஓரமும் வைக்கோல் நிறத்தில் சுருண்டு காய்ந்திருந்தன. ஆனால் காய்ந்த பகுதிக்குக் கீழே அதே இலை பச்சையாகவே இருந்தது. புதிதாக விரிந்த மேல் இலை குறுகலாக இருந்தாலும் நல்ல நிறத்தில் இருந்தது. பிடுங்கிப் பார்த்த குத்துகளில் வேர் குட்டையாக, பழுப்பேறி இருந்தது. புது வெள்ளை வேர் மிகக் குறைவு.

இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும், எண்ணிட்ட நிறப் பட்டைகள் கொண்ட இலை வண்ண அட்டையை எடுத்தேன். காலை வெயில் ஏறுவதற்குள், என் நிழலை இலைமேல் விழவிட்டு, முழுதாக விரிந்த மேல் இலையின் நடுப்பகுதியை அட்டையோடு வைத்துப் பார்த்தோம். நேரடி விதைப்பில் 3-க்குக் கீழே இறங்கினால்தான் தழைச்சத்து இட வேண்டும். பத்து இலைகளில் பெரும்பாலானவை 3-க்கும் 4-க்கும் இடையில் நின்றன.

அவர் நம்பவில்லை. "வயலே மஞ்சளா கெடக்கு சார், அட்டை பச்சைங்குது. எதை நம்புறது?" என்றார்.

"ரெண்டும் சரிதாண்ணே. பழைய இலை செத்துக்கிட்டிருக்கு, அதான் மஞ்சள். புது இலைக்குச் சத்து இருக்கு. பசியில வாடுற பயிர் இல்ல இது."

அளவீடுகள்

வயலில் நின்ற தண்ணீரைப் பேனா மீட்டரில் அளந்தபோது கரைந்த உப்பின் அளவைச் சொல்லும் மின்கடத்து திறன் 4 டெசிசீமன்/மீட்டருக்கு மேல் காட்டியது. ஓதம் ஏறியிருந்த நேரத்தில் வடிகால் நீர் 6-ஐ நெருங்கியது. கடல் நீர் சுமார் 50 இருக்கும். ஆக வடிகாலில் ஓடியது முழுக் கடல் நீர் இல்லை, ஆனால் நெல்லுக்குப் பாய்ச்சக்கூடிய நீரும் இல்லை.

மண் மாதிரியின் முடிவு: கார அமில நிலை (pH) 7.9, மின்கடத்து திறன் 2.1. இந்த 2.1 என்ற எண் நிறைய பேரை ஏமாற்றும். நம் மண் பரிசோதனை நிலையங்களில் ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு நீர் கலந்து அளக்கிறார்கள். அதாவது 100 கிராம் மண்ணுக்கு 200 கிராம் நீர். வயலில் அவ்வளவு நீர் இருப்பதில்லை. களிமண்ணைக் குழம்பாக்கி நிறைவு நிலைக்குக் கொண்டுவந்தால் 60, 70 கிராம் நீர்தான் பிடிக்கும். எனவே வேரைச் சுற்றியுள்ள கரைசலில் உப்பு அந்த எண்ணைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு, அதாவது 6-க்குப் பக்கம். நூல்களில் உள்ள பயிர் வரம்புகள் எல்லாம் இந்த நிறைவு நிலை அளவுக்குச் சொன்னவை. நெல்லுக்கு 3 வரை பாதகமில்லை, அதைத் தாண்டினால் ஒவ்வோர் அலகுக்கும் விளைச்சல் சுமார் 12 சதவீதம் குறையும். கோதுமையின் வரம்பு 6, பார்லியின் வரம்பு 8. நம் ஊர்ச் சோற்றுப் பயிர்தான் இந்த மூன்றிலும் மென்மையானது.

கார அமில நிலை 8.5-ஐத் தாண்டாததால் இது உவர் நிலம், களர் நிலம் இல்லை என்று அப்போதைக்கு எடுத்துக்கொண்டோம். இரண்டையும் ஒன்றாக்கி, உப்பு என்றாலே ஜிப்சம் என்று கிளம்பும் வழக்கம் உண்டு. களரில் சோடியம் மண் துகளோடு ஒட்டிக்கொண்டிருக்கும், அதைப் பெயர்க்க ஜிப்சத்தின் கால்சியம் வேண்டும். உவரில் உப்பு நீரில் கரைந்து நிற்கிறது. அதை வெளியேற்ற நல்ல தண்ணீரும் வடிகாலும் வேண்டும்.

யூரியா ஏன் எடுபடவில்லை

இந்தப் பகுதி கொஞ்சம் நீளும். முடிவுகள் எல்லாம் இதை வைத்துத்தான்.

முதலில் மண்ணில். யூரியா அப்படியே பயிருக்குப் போவது குறைவு. மண்ணில் உள்ள யூரியேஸ் நொதி அதை அம்மோனியமாக உடைக்க வேண்டும். உப்பு கூடினால் இந்த வேலை மெதுவாகும். அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் உப்புக்கு இன்னும் பலவீனமானவை. ஆகவே அம்மோனியம் மேல் நீரிலும் மேல் மண்ணிலும் தேங்கி நிற்கும். மதிய வெயிலில் பாசி வேலை செய்து நீரின் கார நிலையை ஏற்றும்போது, அந்த அம்மோனியத்தில் ஒரு பகுதி அம்மோனியா வாயுவாகக் காற்றில் போய்விடும்.

அடுத்து வேரில். கரைசலில் உப்பு கூடினால் வேருக்குத் தண்ணீர் இழுப்பதே கஷ்டம். தண்ணீர் ஓட்டம் குறைந்தால் அதோடு வரும் சத்தும் குறையும். நைட்ரேட் உள்ளே வரும் இடத்தில் குளோரைடு போட்டிக்கு நிற்கிறது, பொட்டாசியம் வரும் இடத்தில் சோடியம் நிற்கிறது. அம்மோனியமும் பொட்டாசியம் உறிஞ்சுவதைக் குறைக்கும். எனவே உப்பு வயலில் ஒரே தடவையாகக் கொட்டும் யூரியா, ஏற்கனவே சோடியத்தால் திணறும் பயிரின் பொட்டாசியத்தை இன்னும் குறைக்கிறது. நுனி கருகல் கூடியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

கடைசியாக இலையில். நைட்ரேட்டை அம்மோனியமாக மாற்றும் வேலையில் முதல் நொதி நைட்ரேட் ரிடக்டேஸ். இலைக்கு நைட்ரேட் தொடர்ந்து வந்தால்தான் செடி இந்த நொதியைச் செய்துகொள்ளும். வரத்து குறைந்தால் நொதியும் குறையும். அடுத்த கட்டத்தில் அம்மோனியத்தை குளுட்டமின் சிந்தட்டேஸ் குளுட்டமினாக்கும், குளுட்டமேட் சிந்தேஸ் அதைக் குளுட்டமேட்டாக்கும். இதற்கு ஆற்றலும் வேண்டும், அம்மோனியத்தைப் பிணைக்கக் கரிமச் சேர்மமும் வேண்டும். இரண்டும் ஒளிச்சேர்க்கையிலிருந்து வருபவை. உப்பில் தவிக்கும் நெல் தண்ணீரைக் காக்க இலைத்துளையை மூடிக்கொள்கிறது, ஒளிச்சேர்க்கை சரிகிறது. போதாததற்கு, துளை மூடிய இலையில் ஒளிச்சுவாசம் கூடி அதுவும் அம்மோனியத்தை வெளிவிடுகிறது. அடுப்பு அணைந்த வீட்டில் அரிசி மூட்டையை இறக்குவது போலத்தான் இந்த நிலையில் யூரியா போடுவது. செரிக்க முடியாத அம்மோனியம் செல்லுக்கு நஞ்சு.

செரித்த கொஞ்சத்தையும் செடி வளர்ச்சிக்குச் செலவிடுவதில்லை. குளுட்டமேட்டிலிருந்து புரோலின் என்ற அமினோ அமிலத்தைச் செய்து செல்லில் சேர்த்துக்கொள்கிறது. உப்புக்கு எதிராகச் செல்லுக்குள் நீரைப் பிடித்து வைக்க அது உதவும். கோதுமையும் பார்லியும் கிளைசின் பீட்டெயினையும் சேர்க்கும், நெல்லால் அது முடியாது. பழைய இலைகளில் புரதம் உடைந்து அமினோ அமிலங்கள் சாற்றில் மிதக்கின்றன. அதனால் இலையில் மொத்தத் தழைச்சத்து குறைவாகத் தெரியாது, புரதமாகவும் தூராகவும் (பக்கக் கிளையாகவும்) மணியாகவும் மாறுவதுதான் குறையும். வண்ண அட்டை பச்சை காட்டியும் பயிர் வளராதது இதனால்தான். இப்படிச் சாறு மிகுந்த இளசான இலை பூச்சிக்கும் வசதி.

எடுத்த முடிவுகள்

ஒன்று, யூரியாவை உடனே நிறுத்துவது. அவருக்கு இது கஷ்டமாக இருந்தது. பயிர் மஞ்சளாக நிற்கும்போது கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா என்று வீட்டிலும் பேச்சு வந்தது. உப்பு இறங்காமல் போடும் ஒவ்வொரு கிலோவும் காற்றுக்கும் வடிகாலுக்கும்தான் போகும் என்று கணக்குப் போட்டுக் காட்டிய பிறகு ஒப்புக்கொண்டார்.

இரண்டாவது, வடிகால் நீரை எந்தக் காரணத்துக்கும் இறைக்காமல் பருவமழைக்குக் காத்திருப்பது. அக்டோபர் கடைசி நெருங்கிவிட்டதால் இந்த முடிவை எடுக்க முடிந்தது. செப்டம்பராக இருந்திருந்தால் நிலைமை வேறு.

மூன்றாவது, மழை வந்ததும் வயலைக் கழுவுவது. இந்தக் களிமண்ணில் நீர் கீழே இறங்குவது மிக மெதுவு. எனவே நாலு அங்குல மழைநீரை இரண்டு நாள் கட்டி, மேல் மண்ணின் உப்பு நீரில் கரைந்து கலந்ததும், ஓதம் வற்றும் நேரம் பார்த்து மடையைத் திறந்து ஆற்றில் விடுவது. மீட்டர் 2-க்குக் கீழே வரும்வரை இதைத் திரும்பச் செய்வது.

நான்காவது, கழுவி முடித்த பின் ஏக்கருக்கு 20 கிலோ யூரியா வீதம், அட்டை 3-க்குக் கீழே காட்டும்போது மட்டும் இடுவது. உப்பு நிலத்துக்குப் பரிந்துரையைவிட 25 சதவீதம் கூடுதல் தழைச்சத்து இடலாம் என்று ஒரு வழிகாட்டுதல் உண்டு. ஏற்கனவே ஏக்கருக்கு 31 கிலோ தழைச்சத்து போயிருந்ததால் அந்தக் கூடுதலைத் தவிர்த்து, மொத்தம் 60 கிலோ என்ற சம்பா அளவுக்குள் நிற்க முடிவு செய்தோம். அம்மோனியம் சல்பேட்டுக்கு மாறலாமா என்றும் பேசினோம். அதே அளவு தழைச்சத்துக்கு அது யூரியாவைவிடக் கூடுதல் உப்பை மண்ணில் சேர்க்கும் என்பதால் விட்டுவிட்டோம்.

சாம்பல் சத்துக்கு வழக்கமான மூரியேட் பொட்டாஷை நிறுத்தினோம். அது பொட்டாசியம் குளோரைடு. குளோரைடு ஏற்கனவே மிஞ்சி நிற்கும் வயலில் அதை ஏன் சேர்க்க வேண்டும்? பதிலாக 1 சதவீத பொட்டாசியம் நைட்ரேட்டை இலைவழியாகத் தெளித்தோம். வேர் தேறும்வரை வேரைச் சாராமல் கொடுக்க இதுவே வழி. 0.5 சத துத்தநாக சல்பேட்டும் 1 சத யூரியாவும் கலந்த தெளிப்பு ஒன்றும் கொடுத்தோம்.

இந்த 6 மாவில் ஒரு மாவைக் கழுவ முடியவில்லை. அந்த மூலை மழைக்கால ஆற்று மட்டத்தைவிடத் தாழ்வு. அங்கிருந்து நீர் வடிய வேண்டுமென்றால் பக்கத்து வயல் வழியாகத்தான் போக வேண்டும். அந்த வயல்காரர் தாமதமாக விதைத்திருந்தார். "எம் பயிரு இப்பத்தான் மண்ணை விட்டுக் கிளம்புது தம்பி, உங்க உப்புத் தண்ணிய அதுல விட்டா தாங்குமா?" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. அந்த மூலைக்கு மற்ற எல்லாம் ஒரே மாதிரி கொடுத்தோம், கழுவல் மட்டும் இல்லை.

அப்புறம் நடந்தது

அக்டோபர் கடைசி வாரத்தில் மழை பிடித்தது. முதல் கழுவலில் வெளியேறிய நீர் 3-க்கு மேல் காட்டியது. நவம்பர் நடுவில் மூன்றாவது கழுவல் முடிந்தபோது 1.2. அதற்கிடையில் ஒரு கனமழையில் ஆறு நிரம்பி, மடையைத் திறக்க முடியாமல் பல நாள் வயல் மூழ்கிக் கிடந்தது. பயிர் நின்றதால் தப்பித்தது.

வேரில்தான் முதலில் மாற்றம் தெரிந்தது. இரண்டாவது கழுவலுக்குப் பின் பிடுங்கிய குத்துகளில் வெள்ளை வேர் அடர்த்தியாக இருந்தது. இலையில் மாற்றம் தெரிய மேலும் பத்து நாள் ஆனது. அப்போது அட்டை 3-க்குக் கீழே இறங்கியது. அதைப் பார்த்து அவர் பதறினார், எனக்கு அது நல்ல செய்தி. பயிர் வளர ஆரம்பித்து, இருந்த தழைச்சத்தைப் புது இலைக்கும் தூருக்கும் செலவழித்துவிட்டது என்று அர்த்தம். அன்று மாலையே நீரைச் சேற்றுப் பதத்துக்கு வடித்து முதல் 20 கிலோவை இட்டோம். மறுநாள் கழித்து நீர் கட்டினோம். ஐந்தாறு நாளில் அட்டை திரும்ப ஏறியது. முன்பு ஒன்றரை மூட்டைக்கு அசையாத பயிர் இப்போது இந்த 20 கிலோவுக்கு அசைந்தது.

இரண்டாவது தவணை தண்டு உருளும்போதும், மூன்றாவது பூட்டைக்கு (கதிர் தண்டுக்குள் திரண்டு நிற்கும் பருவத்துக்கு) முன்பும் போனது. கழுவாத மூலையிலும் அதே நாட்களில் அதே அளவு இட்டோம். அங்கே மழைநீர் உப்பை நீர்க்கச் செய்தாலும் வெளியேற்றவில்லை. மீட்டர் 2.5-க்குக் கீழே இறங்கவே இல்லை. தூர் மூன்று, நான்கோடு நின்றது.

விளைவு

பிப்ரவரி முதல் வாரத்தில் அறுவடை. கழுவிய 5 மாவில் மாவுக்கு ஐந்தரை மூட்டை, 60 கிலோ மூட்டைக் கணக்கில். நல்ல ஆண்டில் அந்த வயல் ஏழு கொடுக்கும். தொடக்கத்தில் இழந்த தூர்கள் திரும்ப வரவில்லை, அந்த நட்டம் நட்டம்தான். கழுவாத மூலையில் இரண்டு மூட்டை, அதிலும் பதர் அதிகம். பூக்கும் பருவமும் நெல் உப்புக்கு மிகவும் தளரும் பருவம் என்பதால் அது எதிர்பார்த்ததே. ஒன்றைச் சொல்ல வேண்டும்: அந்த மூலை தொடக்கத்திலிருந்தே மற்ற இடத்தைவிட உப்பு கூடியது. எனவே மூன்றரை மூட்டை வித்தியாசம் முழுவதையும் கழுவலின் கணக்கில் எழுத முடியாது.

மாற்ற வேண்டியவை

என்ஜினை ஓட்டும் முன் மீட்டரை நீரில் விட வேண்டும், அதுவும் ஓதம் ஏறும்போதும் வற்றும்போதும். வற்றும் நேரத்தில் அதே ஆற்று நீர் 3-க்குக் கீழே இருந்ததைப் பின்னால் பார்த்தோம். உயிர் தண்ணீர் கட்டாயம் தேவைப்பட்டால் அந்த நேரத்தில் எடுப்பது நல்லது. மீட்டரைத் தெருவில் நாலு பேர் சேர்ந்து வாங்கியிருக்கிறார்கள்.

மண் மாதிரியைப் பயிர் நிற்கும்போது எடுத்துத் தவிப்பதைவிடக் கோடையில், உப்பு மேலே ஏறியிருக்கும்போது, மேட்டிலும் பள்ளத்திலும் தனித்தனியாக எடுக்க வேண்டும். மேடுகளைச் சமன் செய்வதற்கும் அதுவே காலம். கோடை மழை கிடைத்தால் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழ வேண்டும். உப்பைத் தாங்கும் செடி, களிமண்ணின் இறுக்கத்தையும் தளர்த்தும். அதன் தழைச்சத்து மெல்ல மெல்ல வெளிவருவதால் மேல் நீரில் அம்மோனியம் ஒரேயடியாகத் தேங்காது.

அறுவடைக்குப் பின் மூலை மண்ணைத் தனியாகச் சோதித்ததில், மண் துகளில் ஒட்டிய சோடியம் 15 சதவீத வரம்பை நெருங்கியிருந்தது. உப்பு நீர் திரும்பத் திரும்ப நின்றால் உவர் நிலம் இப்படித்தான் களரை நோக்கி நகரும். அந்த ஒரு மாவுக்கு மட்டும் இந்தக் கோடையில் ஜிப்சம் இட முடிவாகியிருக்கிறது. வடிகால் இல்லாமல் ஜிப்சம் மட்டும் போட்டால் பெயர்ந்த சோடியம் அங்கேயே கிடக்கும். அதனால் பக்கத்து வயல் வரப்போரமாகக் குழாய் பதிக்க இருவரும் பேசி ஒத்துக்கொண்டார்கள். விதைப்புக்கு முன்பே குழாய் போட வேண்டும் என்பது பக்கத்து வயல்காரரின் நிபந்தனை.

அடுத்த சம்பாவுக்கு 5 மாவில் உப்பைத் தாங்கும் கோ 43, மூலையில் வேதாரண்யம் பக்கம் காலங்காலமாக உவர் நிலத்தில் விளையும் குழியடிச்சான். சன்ன ரகத்தின் விலை கிடைக்காதே என்ற வருத்தம் அவருக்கு இருக்கிறது. கதவணைப் பலகையை மாற்றித் தரக் கோரி ஊர் சேர்ந்து மனு கொடுத்திருக்கிறது. அது நடந்து ஆற்று நீர் நல்லதாகத் தங்கினால் மேட்டுப் பக்கத்து 2 மாவில் மட்டும் பொன்னி வைத்துப் பார்க்கலாம் என்று பேசியிருக்கிறோம்.